போத்தனூரில் காத்திருக்கும் பொதி: சென்னையா, பேப்பூரா, தூத்துக்குடியா?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வந்தால், கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி உட்கார்ந்திருக்கும் எங்கள் திருப்பூர் அலுவலகத்தில் ஒரு விவாதம் தொடங்கிவிடும். அட்டைப் பெட்டியில் அடைத்து முடித்த பனியன் சரக்கைத் தூத்துக்குடிக்கே அனுப்புவதா, கொச்சிக்குத் திருப்புவதா, சென்னைக்கு ஏற்றிய வண்டியைச் சேலத்தோடு நிறுத்துவதா என்று ஆளுக்கொன்று சொல்வோம். நாலு தொலைபேசி அழைப்பில் அது தீர்ந்துவிடும். ஆனால் இதே முக்கோணக் கேள்வி, பாய்மரக் கப்பல் காலத்தில் கொங்குப் பருத்தி வியாபாரியின் முன்னும் நின்றது என்பதும், அப்போது தவறான விடைக்கு விலை சரக்கு மட்டுமல்ல என்பதும் நினைவுக்கு வரும்போதெல்லாம், அந்த ஆளின் இடத்தில் இருந்து முடிவெடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். இந்தக் கட்டுரை அப்படியொரு முயற்சி.

காலத்தை 1872 ஏப்ரல் என்று வைத்துக்கொள்வோம். அவ்வாண்டு மே முதல் இரு நாள்களில் சென்னைக் கடற்கரையில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும், வியாபாரிக்குத் தெரியாது. எனவே அவர் அறிந்திருக்கக் கூடியவற்றை மட்டும் கொண்டு ஒப்பிடுவதே நியாயம்.

ஏப்ரலைத் தேர்ந்ததற்குக் காரணம் பருத்திச் செடியே. கோவைச் சீமையில் அக்காலத்தில் விளைந்த உப்பம் பருத்தி ஐப்பசி மழையை ஒட்டி விதைக்கப்பட்டு மாசி, பங்குனியில் வெடிக்கும். கொட்டை நீக்கிப் பஞ்சாக்கிப் பொதி கட்டி முடிக்கும்போது சித்திரை வந்துவிடும். சென்னையிலிருந்து கிளம்பிய இருப்புப்பாதை 1862-இலேயே சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போய்விட்டது. கோவை நகருக்கே 1873-இல்தான் கிளைப்பாதை வந்தது என்பதால், மாட்டுவண்டியில் போத்தனூர் வரை கொண்டுபோய் இறக்க வேண்டும். அங்கே நடைமேடையில் கிடக்கும் பொதி கிழக்கேயும் போகலாம், மேற்கேயும் போகலாம். தெற்கே தூத்துக்குடிக்கு அப்போது முழு ரயில் வழி இல்லை.

சென்னைதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் விடை. பெரிய வணிக நிறுவனங்கள், வங்கிகள், இலண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் போகும் கப்பல்கள் எல்லாம் அங்கேதான். போத்தனூரிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர். ரயில் மாற வேண்டியதில்லை. குறை ஒன்றே ஒன்று: சென்னையில் துறைமுகம் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துறைமுகம் என்றாலே சுவரும் கொக்கிப் பாரந்தூக்கியும் நம் கண்ணில் வந்துவிடுகின்றன. அன்று அங்கே இருந்தது திறந்த கடல். கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். இடையில் அலைகள் வரிசை வரிசையாக உடையும். சரக்கும் ஆளும் அந்த அலைகளைத் தாண்டிப் போக மசூலாப் படகுதான் வழி. ஆணி ஒன்றுகூட இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது; மணலில் மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். திருகாணி போன்ற அடியுடைய இரும்புத் தூண்களை மணலுக்குள் முறுக்கி இறக்கி, ஆயிரம் அடிக்கும் மேல் நீளமான பாலம் ஒன்றை 1861-இல் கட்டினார்கள். அது சரக்கு இறக்க உதவியதே தவிர, காற்றைத் தடுக்க உதவவில்லை.

அலை மிஞ்சினால் மசூலாப் படகு போகாது. படகு போகாவிட்டால் கரையில் இருப்பவர் கப்பலுக்குப் போக முடியாது. இந்தச் சிறிய விவரத்தைப் படிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் தீர்ப்பு இதன்மேல்தான் நிற்கிறது.

சென்னை அபாயம் என்பது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை கோட்டைக் கொடிமரத்தை இறக்கி வைத்து, இது கப்பல் நிற்கும் காலமல்ல என்று அறிவிக்கும் வழக்கமே இருந்தது. ஆகவே வியாபாரி, 'நான் அனுப்புவது சித்திரையில்; ஐப்பசிப் புயலுக்கும் எனக்கும் என்ன?' என்று நினைத்திருக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பழைய கணக்கைப் புரட்டினால் அந்த நினைப்பு தேறுவதில்லை. 1749 ஏப்ரலில்தான் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவனின் நாமூர் என்ற பெருங்கப்பல் 520 பேரோடு அழிந்தது. 1811 மே 2 அன்று சென்னை நங்கூரவெளியிலேயே டோவர், சிசெஸ்டர் என்ற இரு அரசுக் கப்பல்களும் ஏராளமான நாட்டுக் கலங்களும் கரையில் ஏறி உடைந்தன. சோழமண்டலக் கரைக்குப் புயல் காலம் ஆண்டுக்கு இரண்டு: ஒன்று ஐப்பசி, கார்த்திகை, மற்றொன்று, குறைவாக வந்தாலும் எச்சரிக்கையின்றி வருவது, சித்திரை, வைகாசி. கொடிமரம் முதலாவதை மட்டுமே சொன்னது. நம் உப்பம் பருத்தியோ நேராக இரண்டாவதில் போய் விழுகிறது.

சரக்கு கப்பலேறிவிட்டது, புயல் வருகிறது என்றால், முடிவு வியாபாரியின் கையிலிருந்து கப்பல் தலைவரின் கைக்குப் போகிறது. அவருக்கும் மூன்றே வழிகள். இருந்த இடத்திலேயே இன்னும் சில நங்கூரங்களை இறக்கி, சங்கிலியை நீட்டி விட்டுப் பொறுத்திருப்பது ஒன்று. சங்கிலியைக் கழற்றி அடையாள மிதவையோடு கடலில் விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவது இரண்டாவது. இரண்டும் முடியாதபோது, உடைந்தாலும் உடையட்டும் என்று கப்பலைத் தானே கரையேற்றுவது மூன்றாவது.

எது சரி என்பதைக் காற்றின் திசை தீர்மானிக்கிறது. வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வது. அதன் மையம் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கையில் சென்னையில் முதலில் வீசுவது வாடை. சற்றே வடகிழக்குச் சாய்வோடும் இருக்கலாம். வாடை கரைக்கு இணையாக ஓடுவது என்பதால், அந்தச் சில மணி நேரத்தில் அதைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு ஒரு பாய்மரக் கப்பல் கிழக்கே கடலுக்குள் போய்விட முடியும். மையம் சென்னைக்கு வடக்கே கரையேறினால் காற்று மேற்காகத் திரும்பும். தரையிலிருந்து வீசுவதால் கப்பலைக் கடலுக்குள்தான் தள்ளும். மையம் தெற்கே கரையேறினாலோ வாடை கொண்டலாகி, பின் தென்கிழக்காகும்; அதாவது முழு வேகத்தில் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். அதன்பின் எந்தப் பாயை விரித்தாலும் கப்பல் வெளியேற முடியாது. மையம் எந்தப் பக்கம் போகும் என்பது வாடை வீசும்போது தெரிவதில்லை. காற்றழுத்தமானி இறங்குவது மட்டும் தெரியும். ஆகவே ஓடுவதானால் தெரியாமலேயே ஓட வேண்டும். தெரிந்த பிறகு ஓட வழியிருக்காது.

நடந்தவை இதற்குச் சான்று, ஆனால் நேரான சான்று அல்ல. 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, கைப்பற்றிய சரக்கைக் கப்பலில் ஏற்றுவதிலும் புதுச்சேரி ஆளுநர் தூப்ளேயோடு கடிதச் சண்டை போடுவதிலும் அக்டோபர் வரை நாளைக் கடத்தினார். பருவம் மாறுவது அவருக்குத் தெரியாததல்ல. அக்டோபர் 13 இரவு புயல் வந்தபோது அவர் கரையில் இருந்தார். கப்பல்கள் கடலில் இருந்தன. பலவும் மூழ்கியோ பாய்மரம் இழந்தோ போக, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1749-இல் பாஸ்கவனும் கரையில்தான் இருந்தார். 1761 ஜனவரி முதல் நாள் புதுச்சேரி முற்றுகையின்போது வீசிய புயலில் நிலைமை வேறு. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஸ்டீவன்ஸ் தம் நார்ஃபோக் கப்பலிலேயே இருந்தார். காற்று மிஞ்சுவதைக் கண்டதும் கயிற்றை வெட்டிக் கடலுக்கு ஓடினார். மற்றக் கப்பல்களும் அப்படியே செய்யட்டும் என்று பீரங்கி வெடித்து அடையாளம் காட்டினார். அந்த இரைச்சலில் வெடி யாருக்கும் கேட்கவில்லை. புகையும் ஒளியும் யாருக்கும் தெரியவில்லை. தலைவரின் கட்டளைக்காகக் காத்திருந்த கப்பல்கள், கட்டளை வந்து போனதே தெரியாமல் நங்கூரத்தில் நின்றன. நார்ஃபோக் பிழைத்தது. பின்னால் ஓடப் பார்த்த சண்டர்லாண்ட், ட்யூக் த அக்கித்தேன் ஆகியவை மூழ்க, ஏறத்தாழ 1,100 பேர் இறந்தனர். ஆனால் இதே புயலில் நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் என்ற மூன்று கப்பல்கள் புதுச்சேரிக்குத் தெற்கே கரையில் ஏறி உடைந்தன. அவற்றிலிருந்தோர் மிகச் சிலரைத் தவிர அனைவரும் உயிர் பிழைத்தனர்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசித்தால் ஒரு சங்கடம் தெரியும். முன்கூட்டியே கடலுக்கு ஓடினால் கப்பல், சரக்கு, ஆள் மூன்றும் தப்பும். தாமதமாக ஓடினால் மூன்றும் போகும். கரையேற்றினால் சரக்கு போகும், ஆள் தப்பும். அப்படியானால் காற்று முற்றிய பிறகு மாலுமிக்கு நல்லது கரையேற்றுவது. பொதிக்குச் சொந்தக்காரருக்கோ கடைசி வரை 'ஓடிப் பார்' என்று சொல்வதில்தான் ஆசை இருக்கும். காற்று தொடங்கும்போதோ இது தலைகீழ். பாதி ஏற்றிய சரக்கு, கையெழுத்தாகாத காகிதம், கரையில் மிச்சமிருக்கும் பொதிகள் என்று சரக்குக்காரர் 'இன்னும் ஒரு நாள் பொறு' என்பார். ஆனால் மாலுமியின் உயிரும், உண்மையில் அந்தச் சரக்கும் தப்ப வேண்டுமானால் அந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்தாக வேண்டும். கழற்றி விட்ட சங்கிலியும் நங்கூரமும் காசு. திரும்பி வந்து நிற்கும் நாள்களும் காசு. வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல்களைவிட அதிகமாக நங்கூரவெளியில் நின்று அழிந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1782-ஐயும் சொல்லியாக வேண்டும், அது நம்மூரைத் தொடுவதால். அப்போது கொங்கு நாடு ஐதர் அலியின் ஆட்சியில் இருந்தது. அவர் படை சென்னையைச் சூழ்ந்த கர்நாடகச் சமவெளியை அழித்திருந்ததால் சென்னையில் பஞ்சம். கடல் வழியாக வரும் அரிசியை நம்பியே நகரம் இருந்தது. அக்டோபர் நடுவில் வானம் கெட்டதும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் தம் போர்க்கப்பல்களோடு கடலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் கரை நெடுக உடைந்து கிடந்தவை அரிசி ஏற்றி வந்த நாட்டுக் கலங்கள். கடலுக்கு ஓடப் போதிய பாயும் ஆளும் இல்லாத அவற்றுக்கு இரண்டாவது வழியே இல்லை. கப்பல் தலைவரின் மூன்று வழிகள் என்று மேலே எழுதினேன். எல்லாத் தலைவருக்கும் மூன்று கிடைப்பதில்லை என்று திருத்திக்கொள்கிறேன்.

இனி மேற்கு. போத்தனூரிலிருந்து பேப்பூர் ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான். பேப்பூர் நிலையம் என்று பெயர் இருந்தாலும் தண்டவாளம் முடிந்தது ஆற்றின் தென்கரையிலுள்ள சாலியத்தில். ஆற்று முகத்துவாரத்தில் சிறு கலங்கள் உள்ளே வரலாம். பெரிய கப்பல்கள் வெளியே நிற்க வேண்டும் என்பதில் சென்னைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு புயலில் இருக்கிறது. மலபார்க் கரையில் சித்திரையில் சுழற்புயல் வருவது வங்கக் கரையை நோக்க மிகவும் குறைவு. அங்கே அபாயம் என்பது தென்மேற்குப் பருவக்காற்று. அது தேதி சொல்லிவிட்டு வருவது. வைகாசி பிற்பாதியில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் ஆவணி வரை துறை மூடியது போலத்தான். ஆலப்புழை, ஞாறக்கல் பக்கம் சேற்றுத் திட்டால் அலை அடங்கி, மழைக்காலத்திலும் கப்பல் நிற்கக்கூடிய இடங்கள் உண்டு. ஆனால் அன்று அவை நம் ரயில் பாதைக்கு எட்டாத தொலைவு.

இதில் கொங்குக்காரருக்கு ஒரு வசதி உண்டு. பேப்பூர்த் துறையை மூடும் காற்றுதான் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பேச்சல்ல. இன்று அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் நிற்கின்றன. மேற்கே மலை உச்சியில் மேகம் கூடி, வைகாசியில் காற்று திரும்பி முகத்தில் அடிக்கத் தொடங்கினால், பேப்பூருக்கு இனிப் பொதி அனுப்பக் கூடாது என்பதைக் கடலையே பார்த்திராத ஒருவர் தம் வாசலில் நின்றபடி சொல்லிவிடலாம். சென்னைப் புயலுக்கு அப்படி எந்த அடையாளமும் இங்கே வந்து சேராது.

பேப்பூருக்கு எதிரான வாதம் கப்பல்தான். இலண்டனுக்கு நேராகப் போகும் பெருங்கப்பல்கள் சென்னையைப் போல் அங்கே அடிக்கடி வருவதில்லை. பத்தேமாரி என்னும் கரையோரக் கலங்களில் ஏற்றிப் பம்பாய்க்கு அனுப்பி, அங்கே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். இருமுறை கூலி; இருமுறை தரகு; பொதி நனையவும் கிழியவும் இருமுறை வாய்ப்பு. பஞ்சை விற்கும் எவரும் இதை அற்பமென்று தள்ள மாட்டார்.

தூத்துக்குடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையும் சிறு தீவுகளும் மறைப்பதால் புயலுக்கு ஒதுக்கமான இடம் என்பது உண்மையே. முழுப் பாதுகாப்பு என்று எண்ணினால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடி பட்ட பாடு அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும். கடல் ஆழமற்றது என்பதால் கப்பல்கள் பல மைல் தள்ளி நிற்க, தோணிகளில் சரக்குப் போகும். ஆனால் மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876 தொடக்கத்தில்தான். 1872-இல் தாராபுரம், பழனி, திண்டுக்கல் என்று பொதிவண்டி கட்டினால் இரண்டு வாரமாவது ஆகும்; சித்திரை வெயிலில் மாடு படும் பாடு வேறு. இன்று எங்கள் பெட்டிகளில் பெரும்பகுதி அங்கேதான் போகின்றன என்றாலும், அந்த ஆண்டில் அது வியாபாரிக்கு உகந்த வழியல்ல.

நான்காவது வழி ஒன்று உண்டு. வியாபாரிகள் அதை வழி என்றே கணக்கில் எடுப்பதில்லை. எங்கும் அனுப்பாமல் கிடங்கில் வைத்திருப்பது. ஆனி முதல் ஆவணி வரை சென்னையில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அந்த மாதங்களில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுகள் ஒரிசா, வங்காளம் என்று வடக்கே போய்விடுகின்றன. நங்கூரவெளிக்கு ஆண்டிலேயே பாதுகாப்பான காலம் அதுதான். இரண்டு மாத வட்டியும் விலை இறங்கும் பயமும் இதற்கான விலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861 முதல் 1865 வரை எகிறிய பருத்தி விலை, போர் முடிந்ததும் விழுந்ததைப் பார்த்த தலைமுறை அது; காத்திருந்து கெட்டவர்களை அவர்கள் நேரில் அறிந்திருப்பார்கள். புயலில் முழுகியவர்களையோ கேள்விப்பட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வேறுபாடு மனத்தில் எடையைத் தாறுமாறாக்கிவிடும்.

நடந்தது இது: 1872 மே 1, 2 தேதிகளில் சென்னையைப் புயல் தாக்கியது. நங்கூரவெளியில் நின்ற பாய்க்கப்பல்களும் நாட்டுக் கலங்களுமாகப் பல, நங்கூரம் இழுபட்டுக் கரையில் மோதி உடைந்தன. இரும்புப் பாலத்திலும் உடைப்பு ஏற்பட்டது. பிறகுதான் செயற்கைத் துறைமுகம் என்ற பேச்சு காரியமானது. 1876-இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர்கள் முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் வந்து அரை மைலுக்கும் அதிகமான சுவரைச் சரித்து, அதைக் கட்டிக்கொண்டிருந்த இராட்சதப் பாரந்தூக்கிகள் இரண்டையும் கடலில் தள்ளியது. திரும்பக் கட்டிய பிறகும் வாயில் கிழக்கு நோக்கியே இருந்ததால் அலை உள்ளே புகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்பேற்று வாயிலை வடகிழக்குக்கு மாற்றிய பிறகே சென்னை ஒழுங்கான துறைமுகமாயிற்று.

ஆக, போத்தனூர் நடைமேடைக்குத் திரும்பினால் என் முடிவு இப்படி அமையும். ஏப்ரல் பாதிக்குள் கட்டி முடிந்த பொதிகளை, இருமுறை கூலியானாலும், பேப்பூருக்கு அனுப்புவேன். அதற்குப் பின் வருபவற்றை மேற்கே அனுப்ப நாள் போதாது. கிழக்கே அனுப்ப மனம் ஒப்பாது. கிடங்கில் போட்டு ஆனி பிறந்ததும் சென்னைக்கு ஏற்றுவேன். கடன் கொடுத்தவர் பொறுக்க மாட்டேன் என்று நின்றால் மட்டும் சித்திரையில் சென்னைக்கு ஒரு பங்கு போகட்டும். அதுவும் ஒரே கப்பலில் வேண்டாம். அப்போதும் அங்குள்ள முகவருக்குத் தந்தியில் சரக்குக் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்பேன்: அந்தக் கப்பலின் தலைவர் இரவில் படுப்பது கப்பலிலா, கரையிலுள்ள விடுதியிலா? விடுதியில் என்று பதில் வந்தால் பொதி போத்தனூரிலேயே கிடக்கட்டும்.